பால்கனிப் பக்கத்துக் கட்டில்

கொஞ்சம் கிட்டே வா. சத்தமாகச் சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரிக் கிடக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் எல்லோரும் கப்பலில் போகிறோம். ஒரு வாரம். நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை, நாலைந்து சாப்பாட்டுக் கூடங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கிற, ஒரு சின்ன ஊரையே தூக்கித் தண்ணீரில் விட்ட மாதிரியான கப்பல். அப்பா, அம்மா, எட்டு வயசுத் தம்பி, நான், அப்பாவின் அக்காவான அத்தை. மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. கூடம் முழுக்கப் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. தம்பி மிதவைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். அதோடுதான் சாப்பிடுகிறான், அதோடுதான் படுக்கிறான்.

நான் மட்டும் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கப்பலில் வைத்து அப்பா அத்தையைத் தீர்த்துக்கட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அதனால்தான் இன்று காலை, டியூஷனுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மேடத்தைப் பார்க்கப் போனேன்.

மேடம் என் வகுப்புத் தோழியின் சித்தி. பெரிய ஓட்டலில் அறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். காலி செய்துவிட்டுப் போன அறையைப் பார்த்தே, தங்கியவர் புருஷன் பெண்டாட்டியா இல்லையா, அழுதார்களா, எதைத் திருடினார்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டார். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இஸ்திரி போட்டால் மேலே ஆவி ஏறும். கூட ஓர் உதவியாள். நிற்கும்போதும் குதிகாலை ஆட்டிக்கொண்டே நிற்பான். ஊரே அவனை ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடும்.

"உக்காரும்மா," என்றார் மேடம். "யாரை யாரு கொல்லப் போறாங்க? பதறாம சொல்லு."

"அத்தையை. எங்கப்பா."

"எங்க வச்சு?"

"கப்பல்ல."

"நல்ல ஐடியா பாஸ்," என்றான் ஸ்பிரிங். "குழி தோண்டற வேலை மிச்சம்."

மேடம் அவனைப் பார்த்தார். குதிகால் கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றது.

"அத்தைக்குத் தூக்கத்துல நடக்கற வியாதி மேடம். கண்ணு திறந்திருக்கும், ஆனா எதுவும் தெரியாது. வாசக்கதவுல அவங்க கைக்கு எட்டாத உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கோம். ஒரு தடவை மாடிப்படியில அம்மாவைத் தள்ளி விட்டுட்டாங்க. அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிடுச்சு. காலைல கேட்டா அத்தைக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. அழுதுட்டாங்க."

"சரி. கப்பலுக்கு வா."

"அப்பா ரெண்டு ரூம் எடுத்திருக்காரு. ஒண்ணு கப்பலுக்கு நடுவுல. ஜன்னலே கிடையாது. இன்னொண்ணு ஏழாவது மாடியில, பால்கனியோட. அந்த பால்கனி ரூம்தான் அத்தைக்கு."

"தூக்கத்துல நடக்கறவங்களுக்குப் பால்கனி," என்றார் மேடம் மெதுவாக. "கூட யாரு படுத்துக்கறது?"

"முதல்ல அம்மான்னு இருந்துச்சு. அப்புறம் மாத்திட்டாங்க. இப்ப நான்."

"நீ எப்படித் தூங்குவே?"

"இடி விழுந்தாலும் தெரியாது. அது அப்பாவுக்கு நல்லாத் தெரியும். அதான் என்னைப் போட்டிருக்காரு. அத்தை எழுந்து நடந்து போயி அப்படியே... நான் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருப்பேன்."

ஸ்பிரிங் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான்.

"உங்கப்பாவுக்கும் அவங்களுக்கும் என்ன தகராறு?"

"அத்தை பல் டாக்டர். எங்க வீட்டு முன் ரூம்லதான் கிளினிக். அப்பா வீட்டை இடிச்சுப் பெருசா கட்டணும்ங்கறாரு. அத்தை காலி பண்ண மாட்டேங்கறாங்க. தினமும் சாப்பிடும்போது சண்டை."

"வீடு யார் பேர்ல?"

"என் பேர்ல. தாத்தா எழுதி வச்சுட்டுப் போனாரு. பதினெட்டு வயசானா என் கைக்கு வரும். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

ஸ்பிரிங் சட்டென்று எழுந்து கை கட்டி நின்றான். "வீட்டுக்காரம்மாவா? மன்னிச்சுக்கங்க, தெரியாம பிஸ்கட்டைத் தள்ளிட்டேன். கையில எடுத்துக் குடுத்திருக்கணும்."

மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அறையைப் பார்க்காம நான் எதுவும் சொல்றதில்ல. வா, போவோம்."

"கப்பல் இன்னும் வரவே இல்லையே மேடம்?"

"கப்பல் வரலைன்னா என்ன? அந்த அறையை யாரோ ஒருத்தர் உங்களுக்கு வித்திருக்காருல்ல?"

வித்தவருக்குக் கேப்டன் என்று பேர். கப்பலில் வேலை பார்த்ததில்லை. செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பயண டிக்கெட் அலுவலகம் வைத்திருக்கிறார். தலையில் வெள்ளைத் தொப்பி. என்னைப் பார்த்ததும், "வா வா, டாக்டரம்மா வீட்டுப் பொண்ணு!" என்று எழுந்து வந்தார்.

"நான் இவளோட பெரியம்மா," என்றார் மேடம், கண்ணை இமைக்காமல். "இவன் மாமா."

"நான் மாமாவாகி அஞ்சு நிமிஷம்கூட ஆகல," என்று ஸ்பிரிங் என் காதில் சொன்னான்.

"நாங்களும் கூடப் போகலாமான்னு ஒரு யோசனை. ரூம் எவ்வளவு பெருசா இருக்கும்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

கேப்டனுக்கு முகமெல்லாம் பல். "அதுக்குத்தான் மேடம் இந்த ஏற்பாடு! எல்லாரும் கப்பல்ல ஏறின பிறகு ரூம் சின்னதா இருக்குன்னு போன்ல திட்டறாங்க. இருந்து இருந்து பார்த்தேன், தரையிலேயே ஒட்டிட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். அலுவலகத்தின் பாதித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தது. நிஜ அளவில் ஒரு கப்பல் அறை. குளியலறைக்கு ஒரு கட்டம். கட்டில் இருக்கிற இரண்டு இடத்திலும் நிஜமாகவே மெத்தையும் தலையணையும். இரண்டாவது மெத்தையைத் தாண்டி ஒரு கோடு. அதுதான் பால்கனிக் கதவு. அதற்கு அப்பால் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் விட்டு இன்னொரு கோடு. அது கம்பி.

"கம்பிக்கு அந்தப் பக்கம்?" என்று கேட்டார் மேடம்.

"கடல்தான்!"

கடல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குப்பைக்கூடை இருந்தது.

"படுத்துப் பாருங்க சார், எல்லாரும் படுத்துப் பார்ப்பாங்க," என்றார் கேப்டன். ஸ்பிரிங் கோட்டு ஓரத்து மெத்தையில் விழுந்து, "ஐயோ, கப்பல் ஆடுது," என்றான்.

மேடம் சிரித்துக்கொண்டே, "என் தங்கச்சியோட நாத்தனாருக்குத் தூக்கத்துல நடக்கற பழக்கம். உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம என்ன? சார் முதல் நாளே சொல்லிட்டாரு. பால்கனியே வேண்டாம்னுதான் அவர் சொன்னாரு. டாக்டரம்மா பிடிவாதம் பிடிச்சதால ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டும் மனசு கேக்கல. குழந்தைங்க இருக்கற ரூம்ல பால்கனிக் கதவுக்கு மேல தனியா ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தருவாங்க, அது கட்டாயம் வேணும்னு போன் மேல போன். நானும் சொல்லி வச்சேன்."

"எங்கப்பாவா?" என்றேன்.

"பின்னே? அக்கா மேல அவ்வளவு பயம் அவருக்கு. அதாவது, அக்காவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

மூன்று வாரமாக அப்பா சோறு பிசையும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை தாழ்ப்பாளுக்காக ஓயாமல் போன் போட்டிருக்கிறது.

"அப்பாடா," என்றான் ஸ்பிரிங் படுத்தபடியே. "மாமா கொஞ்சம் தூங்கட்டுமா?"

"அந்தத் தாழ்ப்பாளைத்தான் அப்புறம் வேண்டாம்னுட்டாங்க," என்றார் கேப்டன்.

மேடத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின. "யாரு?"

"டாக்டரம்மாதான். நேர்லயே வந்தாங்க. 'என்னைக் குழந்தை மாதிரிப் பூட்டி வைக்கப் போறீங்களா'ன்னு கேட்டாங்க. எனக்கே சங்கடமாப் போச்சு. ஆனா தமாஷான அம்மா மேடம்! இதே மெத்தையில படுத்துப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, கையை முன்னால நீட்டிக்கிட்டு, தூக்கத்துல எப்படி நடப்பேன்னு நடந்து காமிச்சாங்க. ஆபீஸே வயிறு வலிக்கச் சிரிச்சுது."

"எந்த மெத்தையிலேர்ந்து நடந்தாங்க?"

"இதோ, உள் மெத்தையிலேர்ந்து. பால்கனிப் பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குத்தான்னு அப்பவே சொல்லிட்டாங்க. கண்ணு முழிச்சதும் கடல் தெரியணுமாம் பொண்ணுக்கு. எவ்வளவு பாசம் பாருங்க!"

"நேரா பால்கனிக்குப் போனாங்களா?"

"இல்லையே. அதான் தமாஷே. பொண்ணோட மெத்தைகிட்ட நின்னாங்க. குனிஞ்சாங்க. அந்தத் தலகாணியை ரெண்டு கையாலயும் அணைச்சுத் தூக்கினாங்க, குழந்தையைத் தூக்கற மாதிரி. கோட்டைத் தாண்டிப் போயி அதோ, அந்தக் குப்பைக்கூடையில போட்டாங்க. போட்டுட்டுத் திரும்ப வந்து படுத்துக்கிட்டாங்க. கண்ணைத் திறந்து, 'நான் என்ன பண்ணேன்'னு கேட்டாங்க பாருங்க... நடிகை தோத்தா!"

கேப்டன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஸ்பிரிங் அந்த மெத்தையிலிருந்து எழுந்து கோட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டான்.

"அத்தைகூட முதல்ல இவ அம்மாதானே படுக்கறதா இருந்துச்சு?" என்றார் மேடம். "மாத்தினதும் டாக்டரம்மாவா?"

"அது பொண்ணோட அம்மா. டாக்டரம்மா இங்க வர்றதுக்கு முந்தியே போன் பண்ணி, 'அந்த ரூம்ல என்னை எடுத்துட்டுப் பொண்ணைப் போட்டுடுங்க'ன்னாங்க. சார்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. மாத்தச் சொன்னது தான்தான்னு தெரிஞ்சா சண்டை வரும்னாங்க. குடும்பம்னா இதெல்லாம் சகஜம்தானே?"

மேடம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். கேட்க ஆரம்பித்தார், செருப்புக் கடை வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்ததும்.

"அத்தைக்கு இந்த வியாதி சின்ன வயசுலேர்ந்தா?"

"இல்ல. தாத்தா போனப்புறம்தான்."

"வீடு உனக்குன்னு தெரிஞ்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா வீடு யாருக்கு?"

"தாத்தா உயில்ல எழுதினபடி அத்தைக்கு," என்றேன். அந்த வார்த்தையை வாயால் சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"கடைசியா எப்போ நடந்தாங்க?"

"செவ்வாய்க்கிழமை. அப்பாவை நினைச்சுப் பயந்துக்கிட்டு அன்னிக்கு நான் தூங்கவே இல்ல. தண்ணி குடிக்க வந்தேன். கூடத்துல அவங்க நடந்துக்கிட்டிருந்தாங்க. ஃப்ரிட்ஜைத் திறந்தேனா, அந்த வெளிச்சத்துல கண்ணாடி பளிச்சுன்னுச்சு. பயந்துட்டேன்."

"என்ன கண்ணாடி?"

"அவங்க மூக்குக்கண்ணாடிதான்."

"எப்பவும் போட்டுக்கிட்டுத்தான் நடப்பாங்களா?"

யோசித்தேன். "இல்லையே. கட்டில் பக்கத்துல கழட்டி வச்சிருப்பாங்க. எப்பவும் வெறுங்கண்ணுதான். அன்னிக்கு மட்டும்தான்."

"அன்னிக்குக் கூடத்துல புதுசா என்ன இருந்துச்சு?"

"பெட்டிங்க. அன்னிக்குச் சாயந்தரம்தான் பரண்லேர்ந்து எல்லாத்தையும் இறக்கித் தரை முழுக்கத் திறந்து..."

நிறுத்திவிட்டேன். முன் சீட்டில் ஸ்பிரிங்கின் கால்கூட ஆடவில்லை.

"பழகின வீட்டுல கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கலாம்," என்றான் அவன். "புதுசா அஞ்சாறு பெட்டி கிடந்தா கண்ணாடி வேணும். சரி. ஆனா தூங்கறவங்களுக்குப் பெட்டி கிடக்கறது எப்படிம்மா தெரியும்?"

மேடம் கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"உங்கம்மாவைப் படியில தள்ளினது ஒத்திகை," என்றார் மேடம். "தள்ளினா என்ன ஆகுதுன்னு பார்த்திருக்காங்க. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அத்தை அழுதாங்க. அம்மாதான் கட்டுப் போட்ட கையோட காபி போட்டுக் குடுத்துச் சமாதானம் பண்ணாங்க."

"அதேதான். கப்பல்ல நீ காணாமப் போனா, அவங்க தலையில அடிச்சுக்கிட்டு அழுவாங்க. உங்கப்பாவே சாட்சி சொல்வாரு, பாவம் அக்காவுக்கு வியாதின்னு. உங்கம்மா தோள்பட்டையைக் காமிப்பாங்க. அந்த ஆபீஸ்காரர் இருக்காரே, அவர் சிரிச்ச வாயாலயே அழுவாரு. வயிறு வலிக்கச் சிரிச்சவன் எவனும் அதைக் கொலைன்னு சொல்ல மாட்டான்."

"போலீசுக்குப் போகலாம் மேடம்."

"போயி? ராத்திரியில மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாங்கன்னு எழுதிக் குடுப்பியா?"

"அப்போ நான் கப்பல்ல ஏறல. காய்ச்சல்னு படுத்துக்கறேன்."

"ஏறாதே. அடுத்த லீவுக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்கேயும் பால்கனி இருக்கும்." மேடம் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்கிறவர் இல்லை. "நாளைக்குக் காலைல நாங்க உங்க வீட்டுக் கிளினிக்குக்கு வர்றோம். பல்வலின்னு. நேருக்கு நேர் சொல்லிடறேன், எல்லாம் தெரியும்னு. தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா கை வராது."

"யாருக்கு பாஸ் பல்வலி?"

"உனக்கு."

"எனக்கு முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கே."

"நாளைக்கு முப்பத்தொண்ணு இருக்கும்." மேடம் என் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடாதே. அம்மாகிட்டயும்தான்."

தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அம்மாவிடம்தான் போனேன். என்னால் முடியவில்லை.

அம்மா என் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். கப்பலில் ஒரு நாள் விருந்துக்கு எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வரவேண்டுமாம். அதற்கு எனக்கு எடுத்த நீலப் பாவாடையின் ஓரம் ஜிப்பில் சிக்கியிருந்தது.

"ரூமை மாத்தச் சொன்னது நீயாம்மா?"

"யாரு சொன்னா?"

"நீயா இல்லையா?"

அம்மா பாவாடையை உள்ளே தள்ளினாள். "எனக்குப் பயம்டி. அந்த அண்ணி பக்கத்துல என்னால தூங்க முடியாது. ஒரு வாரம் நிம்மதியா இருக்கணும்னுதானே போறோம்?"

"எனக்குப் பயமா இருக்காதா?"

"உன்மேல உசுரையே வச்சிருக்காங்க. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"அம்மா, அது வியாதியே இல்ல. அவங்க முழிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாங்க. தெரிஞ்சே பண்றாங்க."

அம்மா திடுக்கிடுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள், அப்பாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஜிப்பை முழுவதும் இழுத்து முடித்தாள். எழுந்து பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"படியில தள்றதுக்கு முன்னால என் கண்ணைப் பார்த்தாங்க," என்றாள். "பார்த்துட்டுத்தான் தள்ளினாங்க."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"சத்தம் போடாதே."

"தெரிஞ்சுமா என்னை அந்த ரூம்ல போட்டே?"

"தம்பி சின்னப் பையன்டி," என்றாள் அம்மா. "அவனுக்கு அம்மா வேணும்."

அதற்கு மேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் கால்சட்டைகளை எண்ண ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். அப்போது முன் அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது, பாட்டு மாதிரி.

"குட்டீ! வாடா கண்ணு, பல்லைப் பார்த்துடுவோம். கப்பல்ல பல் டாக்டர் கிடையாது."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கூப்பிடறாங்கல்ல?" என்றாள் அம்மா. "போ."

அத்தையின் நாற்காலியில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். என் பால்பல் ஒவ்வொன்றையும் அவள்தான் பிடுங்கினாள். கழுத்தில் காகிதத் துண்டைக் கட்டினாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு முகத்தில் விழுந்தது. கையுறை போட்ட விரல்கள் என் கன்னத்தைத் தட்டின.

"ஆ காட்டு. இன்னும் கொஞ்சம். சமத்து."

சின்னக் கண்ணாடி உள்ளே போனது. கொக்கி மாதிரியான ஊசி பல் பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தது.

"டியூஷன் சார் போன் பண்ணாரு. இன்னிக்கு நீ வரலையாமே?"

வாய் நிறைய எஃகு. என்ன சொல்ல முடியும்?

"அப்புறம் கேப்டன் போன் பண்ணாரு. உங்க வீட்டுலேர்ந்து இன்னும் ரெண்டு பேர் வர்றாங்களாமே, சந்தோஷம்னாரு. ஒரு பெரியம்மா, ஒரு மாமா." ஊசி நின்றது. "உங்கம்மாவுக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாதே குட்டி."

அவள் மூக்குக்கண்ணாடியில் என் வாய் தெரிந்தது. இரண்டு தடவை தெரிந்தது, இரண்டும் திறந்து கிடந்தது.

"பயமா? எதுக்குப் பயம்? அத்தை எப்பவாவது உனக்கு வலிக்கற மாதிரி ஏதாவது பண்ணியிருக்கேனா?" ஊசி கடைசிப் பல்லின் ஈறில் மெதுவாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்காது, வலிக்காது. இங்க ஒரு சொத்தை இருக்கற மாதிரி இருக்கு. கப்பல்ல ராத்திரி வலிச்சா அத்தையை எழுப்பு, என்ன? அத்தை தூங்கிட்டே இருந்தாலும் எழுந்து வருவேன்."

சிரித்தாள். ஊசியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக் கன்னத்தை ஒதுக்கினாள், சொத்தையைப் பார்க்க.

நாளைக் காலை மேடம் வருவார். ஆனால் விரல் இப்போது இருந்தது.

கடித்தேன்.

முதலில் ரப்பர். அப்புறம் மெத்தென்று ஏதோ. அப்புறம் கெட்டியாக ஒன்று, பல் அதற்கு மேல் போகவில்லை. அத்தை அலறினாள். இன்னொரு கையால் என் தாடையைப் பிடித்துப் பிளக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. கண்ணை அகலத் திறந்து, எதையும் பார்க்காமல் கூரையை வெறித்தபடி, அவள் கூடத்தில் நடக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ அப்படியே வைத்துக்கொண்டேன்.

அப்பா ஓடி வந்தார். பின்னால் அம்மா, தம்பி.

"என்னக்கா? ஐயோ, ரத்தம்! ஏய், விடுடி! விடு!"

அப்போதுதான் விட்டேன். இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினேன். எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

"என்னாச்சு?" என்றேன். "தூங்கிட்டேன் போலிருக்கு அத்தை. தூக்கத்துல என்ன பண்ணேன்னே தெரியல."

அழுதேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தை கிழிந்த கையுறையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே தெரிந்த கண்ணில் தமாஷே இல்லை. நான் அழுதுகொண்டே அந்தக் கண்ணையே பார்த்தேன். பொய் என்று அவள் சொல்லலாம். தூக்கத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லலாம். சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"பாவம், குழந்தை," என்றாள் கடைசியில். "தெரிஞ்சா பண்ணினா?"

"உன் வியாதி இவளுக்கும் வந்துடுச்சாக்கா?" என்றார் அப்பா.

"வந்துடுச்சு போல. ஒரே ரத்தம்தானே." அத்தை விரலில் பஞ்சைச் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிவந்தது. "கேப்டனுக்கு போன் போடு. எனக்கு வேற ரூம் வேணும். தனியா. ஜன்னலே வேண்டாம். உள்ளேர்ந்து பூட்டிக்கற மாதிரி இருந்தாப் போதும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "அப்போ பால்கனி ரூம்ல இவகூட யாரு படுத்துக்கறது?"

என் தாடையிலிருந்து ரத்தம் காகிதத் துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்!" என்றான் தம்பி. மிதவைச் சட்டையோடு என் நாற்காலியை நோக்கி ஓடி வந்தான்.

அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.